இத்தாலிப் பாட்டுக்கு ஓர் அறிவிப்பு

எங்கள் வீட்டில் ஓர் இத்தாலிப் பாட்டு குடியிருக்கிறது. நான் கலியாணம் முடிக்க நோர்வேக்கு வந்து இறங்கியபோதே அது இவரோடு இருந்தது. இவர் என்றால் என் கணவர். அதை எங்கேயாவது அனுப்பிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கலாம். அந்த எண்ணமே அவருக்கு வரவில்லை. விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே எனக்குப் பாடிக் காட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பனியையும் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை, பாட்டையும் ஒழுங்காகக் கேட்க முடியவில்லை.

காதல் பாட்டுத்தான். மெதுவாகத் தொடங்கும். நடுவில் ஒரு பெருமூச்சு வரும். கடைசியில் சுருதி ஒரு படி மேலே ஏறும். அந்த இடத்தில் இவர் குதிக்காலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பார், அலுமாரியின் மேல்தட்டில் இருந்து எதையோ எடுப்பவரைப் போல. எங்கள் ஆட்களின் பிறந்தநாள், சாமத்தியவீடு, முதல்நன்மை, வெள்ளிவிழா எதுவானாலும் கேக் வெட்டி முடிந்ததும் யாராவது ஒருவர் "அண்ணை, இத்தாலி!" என்று கத்துவார். இவர் "ஐயோ வேண்டாம், தொண்டை சரியில்லை" என்பார். சொல்லிக்கொண்டே எழும்பிவிடுவார். தொண்டை சரியில்லாத மனிதர் மைக்கை நோக்கி அவ்வளவு வேகமாக நடந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாட்டைக்கூடப் பொறுக்கலாம். அதற்கு முன் வரும் அறிவிப்புத்தான் பெரிய பாடு. நாங்கள் வானொலி கேட்டு வளர்ந்த கூட்டம். ஒரு பாட்டுப் போடுவதற்கு முன் அறிவிப்பாளர் பாடியவரைச் சொல்லி, இசையமைத்தவரைச் சொல்லி, விரும்பிக் கேட்டவர்களின் குடும்பத்தையே வாசித்து, பிறகு குரலைத் தாழ்த்திப் பாட்டின் பின்னணியையும் சொன்னால்தான் எங்களுக்குப் பாட்டு கேட்டதாக இருக்கும். ஆகவே எங்கள் விழாக்களில் மைக் பிடிக்கிற எவரும் சும்மா பாடுவதில்லை. இவருக்கோ அது கொள்கை. அறிவிப்பில்லாமல் பாடுவது சட்டை போடாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற மாதிரி என்பார்.

இவருடைய அறிவிப்பு பாட்டைவிட நீளம். அது தொடங்கியதும் ஆண்கள் வெளியே சிகரெட் பிடிக்கப் போவார்கள். பெண்கள் நாங்கள் மண்டபத்துக் குசினிக்குள் போய், மிஞ்சிய ரோல்ஸையும் பற்றிஸையும் யார் யார் வீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சுற்றிக் கட்டுவோம். எனக்கு அது நல்ல வசதியான நேரம். கட்டி முடிக்கவும் பாட்டுத் தொடங்கவும் சரியாக இருக்கும். வந்த புதிதில் ஒன்றிரண்டு தடவை அறிவிப்பைக் கேட்டிருக்கிறேன். அப்போது அது சின்னதாக இருந்தது: ஓர் இத்தாலிப் பெடியன் காதலியைப் பிரிந்து தூரதேசம் போகிறான், அவள் நினைப்பில் அவன் பாடியது இது. அவ்வளவுதான். பிறகு வருடத்துக்கு வருடம் அது வளர்ந்ததாகச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. ரோல்ஸ் யார் சுற்றுவது?

இவருக்கு இந்தப் பாட்டு எங்கே பிடித்தது என்பதையும் சொல்லவேண்டும். வந்த புதிதில் இவர் நகரத்துக்குள் ஓர் இத்தாலிச் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினார். அந்தக் கடை இப்போது இல்லை, அதில் மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். அங்கே சமையல்காரர் ஓர் இத்தாலியர். அவருக்கு நோர்வே மொழி தெரியாது, இவருக்கு இத்தாலி மொழி தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரு கசெட் தெரியும். மத்தியானத்தில் வெங்காயம் உரிக்கிற நேரம் சமையல்காரர் அதைப் போட்டுவிட்டு அழுவாராம். வெங்காயத்துக்கு அழுகிறாரா, பாட்டுக்கு அழுகிறாரா என்று இவருக்குக் குழப்பம். ஒரு நாள் கையைக் காட்டி, இது என்ன பாட்டு என்று கேட்டிருக்கிறார். சமையல்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துக் காட்டினாராம். இரண்டு முழங்கையையும் ஆட்டி ரெயில் ஓட்டிக் காட்டினாராம். கடைசியில் எதையோ கீழே இழுத்து மூடுவதுபோலக் காட்டினாராம். இதை இவர் எனக்குச் சொன்னபோது, கடை பூட்டும் நேரம் வந்துவிட்டது, போய்த் தட்டைக் கழுவு என்று அந்த மனிதர் சொல்லியிருப்பார் என்றேன்.

அந்த மூன்று சைகைகளில் இருந்துதான் இவர் பின்னணியைக் கட்டினார். ஒரு முழு இத்தாலிக் காதல் கதை. அதற்கு மேல், கேட்டு மனப்பாடம் செய்த இத்தாலி வேறு. ஒஸ்லோவில் ரொம்மன் பகுதியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் நோர்வேக் கிழவர், இவர் படிக்கட்டுக் கழுவிக்கொண்டு பாடுவதைக் கேட்டு, இவரை இத்தாலியர் என்றே பலகாலம் நினைத்திருந்தார். வேலைக்காகத் தமிழ்நாட்டில் இருந்து வந்து கீழ்வீட்டில் இருக்கும் பையன் மட்டும், "அங்கிள், சூப்பர் அங்கிள், இது எந்தப் படம்?" என்று கேட்டான். இவருக்கு அன்று முழுக்க முகம் சரியில்லை.

எங்களுக்கு ஒரே மகள். தாலாட்டுக்கு நான் தமிழில் பாடினால் இவர் இத்தாலியில் பாடினார். பிள்ளை இத்தாலிக்குத்தான் தூங்கியது. பிறகு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு தவணையை வெளிநாட்டில் படிக்கலாம் என்றார்கள். எல்லாப் பிள்ளைகளும் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று கேட்க, இவள் இத்தாலி என்றாள். தகப்பனுக்குப் பூரிப்பு. ஒரு தவணை இரண்டாகி, இரண்டு ஒரு வேலையாகி, வேலை ஒரு பெடியனில் வந்து நின்றது. இத்தாலிப் பெடியன். பாட்டு செய்த வேலை என்று நான் தலையில் கைவைத்தேன்.

சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லும் பொறுப்பு எனக்கு.

"வெள்ளையோ?" என்று கேட்டார் எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் பெரியக்கா.

"வெள்ளைதான் அக்கா. ஆனா வேதம்."

"வேதமோ? அப்ப பிறகென்ன!" என்றார் அவர். வேதம் என்றால் எங்களைப்போலக் கத்தோலிக்கர்; அந்த ஒரு சொல்லில் நிறம், மொழி, ஊர் எல்லாம் அடிபட்டுப் போயின. பெடியனும் நல்ல பெடியன். முதல்நாளே என் கையால் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, சொதியைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தான். அதற்குப் பிறகு நான் அவனைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

கலியாணம் ஒஸ்லோவில் என்று முடிவாயிற்று. கோயிலில் பூசை, பிறகு மண்டபத்தில் விருந்து. பெடியனின் தாயும் சொந்தக்காரர் சிலரும் இத்தாலியில் இருந்து வருவார்கள். இவர் அன்றிலிருந்தே தேன் குடிக்கத் தொடங்கிவிட்டார், தொண்டைக்கு. இத்தனை வருடமாக இத்தாலி தெரியாதவர்களுக்குப் பாடியவருக்கு, இத்தாலியர்களே வந்து கேட்கப்போகிறார்கள். குளியலறையில் அறிவிப்பை ஒத்திகை பார்க்கும் சத்தம் கேட்டது. நான் அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் ஹூட் மெஷினைச் சத்தமாகப் போட்டுவிட்டுக் கறி வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். தேநீர் குடித்து முடித்துவிட்டு, தகப்பனைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, கலியாணத்திலை நீங்கள் அந்தப் பாட்டுப் பாட வேண்டாம். ப்ளீஸ்."

"ஏன் பிள்ளை?"

"எனக்கு ஃப்ளௌட்டா இருக்கும் அப்பா."

வெட்கக்கேடு என்பதற்கு இங்கே பிறந்த பிள்ளைகள் சொல்கிற நோர்வேச் சொல் அது. பெற்றோரைப் பற்றிக் கதைக்கும்போது அவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும்.

இவர் உடனே "ஓம், ஓம், அதுக்கென்ன" என்றார். எழும்பிப் போய்த் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினார். அவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் ஓம் சொன்னதில்லை. ஒரு திரைச்சீலை நிறம் மாற்றுவதற்கே ஒரு கிழமை வாதாடுகிற மனிதர்.

நான் மகளை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "அந்தாளை ஏன் உப்பிடிச் சொன்னனீ? உனக்குத் தாலாட்டுப் பாடின மனிசன்."

"அதுதான் அம்மா பிரச்சினை," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நான் அங்கை போன முதல் மாதம், ஒரு பார்ட்டியிலை எல்லாரும் தங்கடை தங்கடை பாட்டைப் பாடிச்சினம். நானும் எழும்பி இதைப் பாடினனான். அப்பா பாடுற மாதிரியே. விழுந்து விழுந்து சிரிச்சாங்கள் அம்மா. அது இத்தாலியன் இல்லையாம். பாதி சொல்லு எந்தப் பாஷையிலும் இல்லையாம். பின்னணியும் சொன்னனான். அப்பிடி ஒரு கதையே இல்லையாம். என்னைப் பாத்துச் சிரிச்சாப் பரவாயில்லை. அப்பாவைப் பாத்து அவையள் சிரிக்கிறதை நான் எப்பிடிப் பாத்துக்கொண்டு இருக்கிறது?"

அவள் வெட்கப்பட்டது தனக்காக அல்ல, அவருக்காக. நான் திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்த சொற்களெல்லாம் வீணாகிப் போயின.

அந்த நாளில் இருந்து எங்கள் வீடு அமைதியாகிவிட்டது. இவர் படிக்கட்டுக் கழுவும்போது பாடவில்லை. சட்டி கழுவும்போது முணுமுணுக்கவில்லை. தேன் போத்தல் மூடியபடி இருந்தது. நான் எத்தனை வருடமாகக் கர்த்தரிடம் கேட்ட அமைதி அது. கிடைத்ததும் எனக்கு விசர் பிடித்தது. காலையில் அவர் முகம் சவரம் செய்கிற சத்தம் மட்டும் குளியலறையில் இருந்து வரும். அந்தச் சத்தம் இவ்வளவு துக்கமானது என்று எனக்கு அதுவரை தெரியாது. மேல்மாடிக் கிழவர் என்னை லிஃப்டில் மறித்து, உங்கள் புருஷனுக்குச் சுகமில்லையா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, யாரில் என்று தெரியாமல்.

பேசாமல் இருக்க என்னால் முடியாது. மகளைத் தொலைபேசியில் பிடித்தேன். "பாட்டுக்கு ஓம் எண்டு சொல்லு. அவையள் சிரிச்சா நான் பாத்துக்கொள்ளுறன்." நாங்கள் இரண்டு பேரும் சந்தையில் மீனுக்கு நிற்பதுபோலப் பேரம் பேசினோம். கடைசியில் அவள் இறங்கி வந்தாள். பாட்டுப் பாடட்டும், ஆனால் அறிவிப்பு வேண்டாம். பாட்டென்றால் எல்லோரும் சேர்ந்து பாடும்போது சொற்கள் அமுங்கிப் போகும். இல்லாத கதையைச் சொன்னால்தான் மானம் போகும்.

நான் வெற்றியோடு இவரிடம் போனேன். "இஞ்சாருங்கோ, பிள்ளை ஓம் எண்டிட்டாள். அறிவிப்பை மட்டும் விட்டிட்டுப் பாடுங்கோ."

இவர் பத்திரிகையில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "அறிவிப்பு இல்லாமல் நான் பாடமாட்டன்."

"ஏன்? அது பொய்க் கதைதானே?"

"பொய்யெண்டு சொல்ல, நீர் அதை ஒருநாளாவது கேட்டனீரோ?"

"கேக்கேல்லை. அதாலைதான் தலையிடி இல்லாமல் இருக்கிறன்."

"அப்ப விடும்," என்றார். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். வெளியே வெயில் இன்னும் போகாத நேரம். எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. பாட்டைக் கொடுத்தால் அறிவிப்பும் வேண்டுமாம். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை, பார்த்துத்தான் கட்டினேன் என்றாலும்.

சம்பந்தி அம்மா கலியாணத்துக்கு முன்பே வந்துவிட்டார். சின்ன உருவம், பெரிய குரல். ஒரு வார்த்தைகூட எங்களுக்குள் பொது இல்லை. ஆனால் என் குசினிக்குள் வந்து, கேட்காமலே ஒரு கத்தியை எடுத்து, என்னோடு நின்று வெங்காயம் வெட்டினார். நான் கருவேப்பிலையை மணக்கக் கொடுத்தேன். அவர் கண்ணை மூடி மணந்துவிட்டு என் கன்னத்தில் முத்தம் தந்தார். மொழி தெரிந்த சம்பந்திகளோடு எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள்? இவர் மட்டும் அந்த அம்மாவைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நழுவினார். வாய் தவறிப் பாட்டு வந்துவிடுமோ என்ற பயம் என்று எனக்குத் தெரியும்.

கலியாணம் வடிவாக நடந்தது. மகள் கூறைச்சேலையில் வந்தபோது நான் அழுதேன், சம்பந்தி அம்மா என்னைவிட அதிகம் அழுதார். விருந்து மண்டபத்தில் ஒரு பக்கம் முழுக்க எங்கள் ஆட்கள், முன்மேசைகளில் கொஞ்ச இத்தாலியர்கள். மைக் என் தம்பியின் கையில். தம்பி இங்கே நிலத்தடி ரெயில் ஓட்டுகிறான். அங்கே நிலையங்களின் பெயரைப் பதிவுசெய்த குரல் சொல்லிவிடுவதால், அவனுக்குத் தொண்டையில் தேங்கி நிற்பதெல்லாம் விழாக்களில்தான் வெளியே வரும். அவனுக்கு மைக் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்கியவர் எவரும் இல்லை.

கேக் வெட்டி முடிந்தது. எங்கள் வீட்டில் இருந்த தடையுத்தரவைத் தம்பிக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் தொண்டையைச் செருமினான்.

"இதோ, நீங்கள் ஆவலோடு காத்திருந்த அந்தத் தருணம்! இன்று உண்மையான இத்தாலி மண்ணின் மைந்தர்கள் முன்னிலையில், எங்கள் அத்தான்..."

மண்டபம் எழும்பிக் கைதட்டியது. "அண்ணை, இத்தாலி! அண்ணை, இத்தாலி!" சிகரெட்டுக்குப் போக எழும்பியவர்கள்கூட நின்றுவிட்டார்கள். இவர் கதிரையில் இருந்தபடி "இல்லை, தொண்டை சரியில்லை" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொல்லிவிட்டு எழும்பாமல் இருந்தார். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே நெஞ்சு நொந்தது. அவர் கோட் பொக்கெட்டுக்குள் கைவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கத்திய சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மகள் மாப்பிள்ளையின் காதில் என்னவோ சொன்னாள். சம்பந்தி அம்மா மகனின் கையை இழுத்து, என்ன நடக்கிறது என்று கேட்டார். மகன் சொன்னான். அந்த அம்மா இரண்டு கையையும் தட்டிக்கொண்டு இவரைப் பார்த்து, வா வா என்று கூப்பிட்டார். இவர் மகளைப் பார்த்தார். மகள் தகப்பனைப் பார்த்தாள். பிறகு கூறைச்சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பி, நேரே என் தம்பியிடம் போய் அவன் கையில் இருந்த மைக்கைப் பறித்தாள். அதைத் தகப்பனிடம் நீட்டினாள்.

"அப்பா, அறிவிப்போடை. நான் இத்தாலியனிலை சொல்லுறன்."

இவர் எழும்பினார். மண்டபத்தின் குசினிக்குள் அப்போது ரோல்ஸ் கட்டும் வேலை தொடங்கியிருக்கும். ஆனால் நான் பெண்ணின் தாய், முன்மேசையில் இருந்தேன். போதாததற்குச் சம்பந்தி அம்மா என் கையைப் பிடித்து வைத்திருந்தார். தப்ப வழியில்லை.

"இத்தாலி தேசத்தின் தென்கோடியிலே, ஒரு சிறிய புகையிரத நிலையம்," என்று தொடங்கினார் இவர், வானொலிக் குரலில். மகள் பக்கத்தில் நின்று இத்தாலியில் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருக்கவேண்டி இருந்ததால், எப்போதும் ஓட்டமாய் ஓடும் அறிவிப்பு அன்று நடந்துதான் போனது. ஒவ்வொரு வசனமும் என் காதில் விழுந்தது.

"ஓர் இளைஞன் வடக்கே, பனி விழும் தேசத்துக்குப் புறப்படுகிறான். அவன் காதலி அந்த நிலையத்துக்கு வருகிறாள். ஆனால் அவனுக்காக வந்ததாகக் காட்டிக்கொள்ள முடியாது. பக்கத்திலே அவளுடைய தாயார் நிற்கிறார். வேறு யாரையோ வழியனுப்ப வந்ததுபோல நிற்கிறார்கள். கையசைக்க முடியாது. கண்ணீர் விட முடியாது. புகையிரதம் நகர்கிறது. அப்போது அவள் என்ன செய்தாள் தெரியுமா?"

மகள் மொழிபெயர்த்தாள். இத்தாலியர்கள் முன்னுக்குச் சாய்ந்தார்கள்.

"வானத்திலே ஒரு மேகமும் இல்லை. மழைக்கு அறிகுறியே இல்லை. அவள் தன் கையில் இருந்த கறுப்புக் குடையை விரித்தாள். மடக்கினாள். மறுபடியும் விரித்தாள், மடக்கினாள். புகையிரதம் மறையும்வரை."



அந்தக் குடை எனக்குத் தெரியும். அதன் கைப்பிடியில் ஒரு கீறல் இருந்தது. யாழ்ப்பாண ஸ்டேஷன். அம்மா பக்கத்து வீட்டாரை வழியனுப்ப வந்தவர். நானும் கூட வருகிறேன் என்று அடம்பிடித்து வந்தவள். அதே ரெயிலில் இவர் கொழும்புக்குப் போய், அங்கிருந்து இங்கே வருகிறார் என்பது அம்மாவுக்குத் தெரியாது. என்ன குடையோடு விளையாட்டு என்று அம்மா என் தோளில் ஓர் அடி போட்டார். இவர் ஜன்னலில் இருந்து பார்த்தாரா இல்லையா என்றுகூட நான் பிறகு கேட்கவில்லை. கேட்க வெட்கம். பிறகு கலியாணம், பிள்ளை, வேலை, ரோல்ஸ்.

இவர் பாடத் தொடங்கினார். அன்றைக்குப் பாடியதுபோல அவர் வேறெப்போதும் பாடியதில்லை. இத்தாலியர்கள் முதல் வரியிலேயே பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்களுடைய சரியான இத்தாலியில். எங்கள் ஆட்களுக்கும் பல்லவி மனப்பாடம், இவருடைய இத்தாலியில். இரண்டு இத்தாலிகளும் மண்டபத்துக்குள் மோதின. ஆட்பலம் எங்கள் பக்கம். மாப்பிள்ளையின் வயதான மாமா ஒருவர் கடைசிப் பல்லவியில் தன் மொழியைக் கைவிட்டு எங்கள் பக்கம் சேர்ந்துவிட்டார். சுருதி ஏறிய இடத்தில் இவர் நுனிக்காலில் நின்றார், மகளும் நுனிக்காலில் நின்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தார்கள் என்றால் சந்தோஷத்தில் சிரித்தார்கள்.

நான் அழுததை வீடியோக்காரர் நன்றாகப் பிடித்திருக்கிறார். மகளைப் பிரியும் தாயின் கண்ணீர் என்று போட்டிருக்கிறார். போகட்டும்.

சாப்பிடும்போது சம்பந்தி அம்மா ஏதோ சொல்லத் தொடங்கினார். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, மாமி இந்தப் பாட்டு வந்த நேரம் பள்ளிக்கூடப் பிள்ளையாம். ஒரு கோடை முழுக்கக் கடற்கரைக் கடையளிலை இதைத்தான் போட்டவையாம். அப்பா சொன்ன கதை நல்ல கதையாம், ஆனா பாட்டு அது இல்லையாம். கோடை முடிஞ்சு, லீவுக்கு வந்த பெட்டை ரெயிலிலை வீட்டை போறாளாம். கடற்கரையிலை பெரிய குடையளை எல்லாம் மடக்கிக் கட்டுறாங்களாம். அதைப் பாத்து அந்தப் பெடியன் கவலைப்படுறானாம். அவ்வளவுதானாம்."

"குடையோ?" என்றேன்.

"ஓம், கடற்கரைக் குடை. அந்தக் குடை மட்டும் சரியாம். அப்பாவுக்கு அது எப்பிடித் தெரிஞ்சதெண்டு மாமிக்குப் பெரிய அதிசயம்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சமையல்காரர் கடைசியாக இழுத்து மூடிக் காட்டியது கடைக்கதவு அல்ல, கடற்கரைக் குடை. அதைத்தான் இந்த மனிதர் எடுத்துக் கறுப்புச் சாயம் பூசி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நான் ஒருத்தி, என் குடை என்று நினைத்து ஊர் பார்க்க அழுதிருக்கிறேன். வட்டிலப்பக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் இவரோடு கதைக்கவில்லை. களைப்பாக்கும் என்று அவர் தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டார். அதற்கும் எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் மத்தியானம் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். விருந்துக்குக் கொண்டுபோன பெரிய சட்டிகள் குசினியில் மலையாய்க் கிடந்தன. சட்டி கழுவுவது இந்த வீட்டில் இவருடைய உரிமை. கழுவும் தொழிலில் தேர்ந்தவர் என்பதால் வேறு யாரும் தொடக்கூடாது. அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கழுவிக்கொண்டு பாடினார். பாட்டுத் திரும்பி வந்துவிட்டது. நான் துடைக்கும் துணியோடு பக்கத்தில் நின்றேன். அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

"அந்தக் குடை ஆருடைய குடை?"

இவர் பாட்டை நிறுத்தினார். "எந்தக் குடை?"

"அறிவிப்பிலை வந்த குடை. அது கடற்கரைக் குடையாமே. பாட்டிலையே இருக்காமே. சம்பந்தி அம்மா சொன்னவ. அந்தச் சமையல்காரன் காட்டினதை வைச்சுத்தானே கதை கட்டினனீங்கள்?"

இவர் கையில் இருந்த சட்டியை மெதுவாகத் தண்ணீருக்குள் வைத்தார்.

"அவன் நெஞ்சிலை கை வைச்சுக் காட்டினான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ரெயில் ஓட்டிக் காட்டினான். அப்பவும் பெரிசா விளங்கேல்லை. பேந்து குடையை மடக்கிக் காட்டினான் பாரும்." அவர் ஈரக் கைகளால் குடையை மடக்கிக் காட்டினார். "இவனுக்கு இது எப்பிடித் தெரியும் எண்டு நான் விறைச்சுப்போய் நிண்டனான். அதுவரைக்கும் அது எனக்குச் சும்மா ஒரு பாட்டு. அண்டைக்குத்தான் திருப்பிப் போடு, திருப்பிப் போடு எண்டு கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினனான்."

துடைத்து முடித்த சட்டியையே நான் திரும்பவும் துடைத்தேன்.

"இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

இவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "சொல்லேல்லையோ? ஒவ்வொரு விழாவிலையும் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு சொன்னனானே. ஊருக்கே தெரியும். நீர்தான் குசினிக்கை நிண்டு ரோல்ஸ் சுத்தினனீர்."

மூக்கை உறிஞ்சினேன். ரோல்ஸை வேறு யாராவது சுற்றட்டும் என்று இத்தனை வருடத்தில் ஒருத்தியாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

"இப்ப சொல்லுங்கோ," என்றேன்.

"என்னத்தை?"

"அறிவிப்பை. முதலிலை இருந்து."

"இப்பவோ? மைக் இல்லாமலோ?"

கழுவி வைத்திருந்த பெரிய அகப்பையை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை ஒருமுறை பார்த்தார். சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் பூட்டினார், அறிவிப்பு என்றால் ஒழுங்காக நிற்கவேண்டும் என்பதற்காக. பிறகு தொண்டையைச் செருமினார். நான் தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன்.